ஒரு வீடு, ஒரு ஆள்

முதலில் எனக்குக் கெட்டுப்போனது சாயங்காலங்கள்தான். எதிரில் வரும் லாரியின் விளக்கு வட்டமாகத் தெரியாது. நனைந்த பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல விரிந்து ரோட்டையே மூடிக்கொள்ளும். கொஞ்ச நாள் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, வெயில் இறங்கும் முன்பே வண்டியை ஏதாவது ஒரு ஊரில் ஓரங்கட்டிவிடப் பழகினேன்.

என்னுடையது சின்ன லோடு வண்டி. பிளாஸ்டிக் குடம், பக்கெட், முறம், கூடை, துடைப்பம் எல்லாம் கட்டித் தொங்கவிட்டு ஊர் ஊராகப் போய் விற்பது தொழில். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து பொருளை எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வாடகை வீட்டைத் திறந்து மூடுவதற்கு மட்டும் மாதம் ஒரு முறை போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அதையும் காலி செய்துவிட்டேன். வண்டியின் பின்னால் கூடைகளுக்கு நடுவே பாய் விரிக்க இடம் இருந்தது. கோயில் வாசல், பள்ளிக்கூட மதில், பெட்ரோல் பங்க் என்று வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை. இந்த ரோடுதான் என் தெரு.

அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்து ரோடுகளில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காயவைத்த நெல்லைச் சுற்றி வண்டி ஏறாமலிருக்கக் கல் வைத்திருப்பார்கள். தொண்டூர் போகும் வழியில் பட்டப்பகலில் அந்தக் கற்களின் மேல் ஏற்றிவிட்டேன். நெல்லும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை. ரோடு கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன். வண்டி குலுங்கி நின்றது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெரியவர் மரப்பலகையோடு ஓடிவந்தார்.

"கண்ணு இன்னா குருடா உனக்கு?"

"ஆமாங்க. தெரியலைங்க," என்றேன்.

சண்டைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "புரை வெள்ளையா நிக்குது. இத வெச்சிக்கினா வண்டி ஓட்ற?" என்றார். பிறகு, செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கப்போவதைச் சொன்னார். அவர் பெண்டாட்டிக்கும் அப்படி ஒரு முகாமில்தான் புரை எடுத்தார்களாம். நான் இறங்கி, சக்கரம் நசுக்கிய நெல்லைக் கையால் ஒதுக்க உட்கார்ந்தேன். "உடு, நான் பாத்துக்கறேன். நீ மெதுவா போ," என்றார்.

முகாம் நாளன்று பள்ளிக்கூட மைதானம் நிறைய ஆட்கள். எல்லோரோடும் யாராவது வந்திருந்தார்கள். மகள் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள், பேரன் செருப்பைக் கையில் வைத்திருந்தான். கண்ணைப் பரிசோதித்தவர்கள், இரண்டிலும் புரை இருக்கிறது, வலது கண்ணை உடனே செய்யவேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் பஸ் வந்து வெளியூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகுமாம். கடைசி மேசையில் ஒரு நர்ஸ் பெண் பெயரெழுதிக்கொண்டிருந்தாள்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

"நாளைக்கு யாரு வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு சுகர் வேற இருக்கு. துணை இல்லாம எடுத்துக்க மாட்டாங்கம்மா. சரி, ஆபரேஷன் முடிஞ்சு எந்த வீட்டுல தங்குவீங்க?"

"வண்டிலதான்."

"எந்த வண்டி?"

மதிலுக்கு வெளியே குடங்களைத் தொங்கவிட்டு நின்றிருந்த என் வண்டியைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

"தூசி படக்கூடாது. புகை கூடாது. வெயிட்டு தூக்கக்கூடாது. குனியக்கூடாது. ஒரு மாசத்துக்கு மேல நேரம் தவறாம மருந்து ஊத்தணும். வண்டிக்குள்ள எப்படிம்மா முடியும்? ஒரு வீடு, ஒரு ஆளு. ரெண்டையும் ஏற்பாடு பண்ணிட்டு வாங்க."

அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் வெளியே வந்து மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எதிரே கோட்டை மலை சாம்பல் குவியல் மாதிரி தெரிந்தது. இத்தனை வருஷம் இத்தனை ஊரில் எத்தனை பெண்களோடு பேசியிருக்கிறேன். குடத்துக்கு விலை பேசும்போதே குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அவர்களில் யாரிடம் போய், உன் வீட்டில் ஒரு மாதம் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்பது? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டேன். எல்லா முகங்களையும் விட்டு முடித்தபோது, நான் செத்தால் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்த மரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர். வெளிர்நிறப் பருத்திப் புடவை, கையில் மஞ்சள் பை. உள்ளே நடந்ததை அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"உன்னையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"ஆமாங்க. உங்களையுமா?"

"எனக்கும் புரைதான். எனக்கும் ஆளு இல்ல. புள்ள மெட்ராஸ்ல வேல. லீவு கெடைக்கல, அடுத்த மாசம்ன்றான். அவன் மூணு தீவாளியா அடுத்த மாசம்தான் சொல்லிக்கினு இருக்கான். பாவம், அவன் தொந்தரவு அவனுக்கு."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார், ரொம்பச் சாதாரணமாக, சந்தையில் பக்கத்துக் கடைக்காரியிடம் சில்லறை கேட்பதுபோல.

"எங்கிட்ட வூடு இருக்குது. ஆளு இல்ல. உங்கிட்ட ரெண்டும் இல்ல. மொதல்ல நீ பண்ணிக்க, நான் தொணைக்கு வரேன். ஒனக்கு ஆறட்டும். அப்பறம் எனக்கு நீ வா."

"நீங்கதான் பெரியவங்க. மொதல்ல நீங்க பண்ணிக்கங்கக்கா."

"நான் வூட்டுக்குள்ள தடவிக்கினு கெடப்பேன். நீ வண்டி ஓட்றவ. எவன் மேலயாவது ஏத்திட்டா இன்னா பண்ணுவ?"

திரும்ப மேசைக்குப் போனோம். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி," என்றார் அவர். கண்கூட இமைக்கவில்லை. நர்ஸும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டாள்.

அவருடைய ஊர் மேல்சித்தாமூருக்குப் பக்கம். சமணக் குடும்பம். வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். "எதுர்ல டிராக்டர் வருது, நில்லு. இப்ப போ," என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். நேரே வருவதையெல்லாம் சரியாகச் சொன்னார். இடது பக்கத்திலிருந்து குறுக்கே பாய்ந்த நாயை மட்டும் சொல்லவில்லை. நான்தான் எப்படியோ பார்த்து பிரேக் போட்டேன். "நாயா? எங்க வந்துது?" என்று கேட்டார். அவருக்கும் புரைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

வண்டியை அவர் வீட்டுப் பின்னால் நெல் அடிக்கும் களத்தில் நிறுத்தினோம். மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து வந்து மருத்துவமனை பஸ்ஸில் ஏறினோம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலிக்கவில்லை. பெரிய வெளிச்சம் ஒன்று தெரிந்தது, தண்ணீர் ஊற்றுவதுபோல இருந்தது, டாக்டர் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வலது கண்ணைக் கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த இடது கண்ணில் ஆட்கள் நிழலாக மட்டும் தெரிந்தார்கள். பெரிய ஹாலில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்தார். விளக்கு போட்ட பிறகு இட்லி கொண்டுவந்தார்கள். தட்டைத் தடவி என் கையில் கொடுத்தார்.

"நீங்க சாப்புடலயா அக்கா?"

"நீ சாப்புடு. எனக்கு ஆச்சி."

அது பொய். பொழுது போன பிறகு அவர் எதுவும் சாப்பிடுவதில்லை. அது சமணர்கள் வழக்கம். அன்றைக்குப் பகலில் என்னை உள்ளே அழைத்துப் போனதிலிருந்து அந்தக் கதவைவிட்டு நகராமல் இருந்ததால் அவர் எதுவுமே சாப்பிடவில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் காலையில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதற்கு, "ஒரு பொழுதுல இன்னா கொறைஞ்சி போவுது," என்றார்.

கட்டை அவிழ்த்தபோது முதலில் பார்த்தது நர்ஸின் பச்சை உடை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சையை நான் மறந்தே போயிருந்தேன். அடுத்தது என் கைகள். எப்போது இவ்வளவு கிழடாயின என்று இருந்தது. பிறகு அவர் முகம். நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி, நினைத்திருந்ததைவிட வயது. என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் என்னைப் பார்ப்பதற்கு முகத்தை முழுக்க என் பக்கம் திருப்பி, குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல நேராக வைத்துக்கொண்டார்.

"தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அது போதும்," என்றார்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் கோட்டை மலை வந்தது. சாம்பல் குவியலாக இருந்தது இப்போது பாறை பாறையாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு விளிம்பு, ஒரு நிழல். கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்குக் கண் கலங்கியது. தேய்க்கக்கூடாது என்பதால் அப்படியே விட்டேன்.

அந்த ஒரு மாதம் அவர் எனக்கு மருந்து ஊற்றினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் தலையைச் சுவரில் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, பாட்டிலை மிக அருகில் கொண்டுவந்து ஒரே சொட்டு. தவறியதே இல்லை. நேராகப் பார்க்கிற எதிலும் அவர் தவறவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்த சொம்பைத் தட்டிவிடுவார். களத்தில் என் வண்டிக் கதவு திறந்திருந்தால் அதில் போய்த் தோளை இடித்துக்கொள்வார். "எவ வெச்சா இத இங்க," என்று கதவைத் திட்டுவார். புரையை எடுத்ததும் சரியாகிவிடும் என்று இருவரும் நம்பினோம். என் கண் அப்படித்தானே சரியானது.

ஒருநாள் மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. வண்டி மேல் கட்டிய தார்ப்பாய் காற்றில் அவிழ்ந்து அடித்துக்கொண்டது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓடிப்போய் வண்டிமேல் ஏறி, பாயை இழுத்துக் குனிந்து கட்ட ஆரம்பித்தேன். அவர் மழையிலேயே வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்கு."

"சரக்கு நனையுதுக்கா."

"பிளாஸ்டிக் நனைஞ்சா இன்னா? கரைஞ்சா பூடும்? கண்ணுல தண்ணி பட்டு சீழ் வெச்சா எவ பாப்பா? எறங்குன்றேன்."

இறங்கினேன். உள்ளே வந்ததும் அவர் பேசவில்லை. அன்று முழுக்க, மறுநாளும், மருந்து நேரத்துக்கு மட்டும் வந்து ஊற்றிவிட்டுப் போனார். எனக்கு அது விநோதமாக இருந்தது. நான் ஏதாவது செய்துவிட்டால் அதற்காக ஒருவர் என்னிடம் பேசாமல் இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் நானே போய், "இனிமே ஏறமாட்டேன்க்கா," என்றேன். "பருப்பு வெந்துச்சா பாரு," என்றார்.

டாக்டர் இனிமேல் வண்டி ஓட்டலாம் என்று சொன்னதும், முதல் வேலையாக அவரை அழைத்துக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனேன். இந்த முறை நான் ஓட்டினேன். அவர் மஞ்சள் பையில் மாற்றுப் புடவை, சொம்பு, துண்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஆபரேஷனுக்குத் தயாராகத்தான் போனோம்.

அவர் கண்ணில் ஏதோ கருவி வைத்து அழுத்தம் பார்த்தார்கள். பிறகு இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். பிறகு வேறொரு டாக்டர் வந்து பார்த்தார். ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகப் பேசினார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்தார்.

"அம்மா, உங்களுக்குப் புரை இருக்கு. ஆனா பிரச்சினை அது இல்ல. கண்ணுல அழுத்தம் ஏறி உள்ள நரம்பு காஞ்சிருக்கு. இடது கண்ணு போயிடுச்சு. வலது கண்ணுல நேரா இருக்கறது மட்டும்தான் தெரியுது, இல்லையா? பக்கத்துல தெரியாது."

"ஆமா," என்றார் அவர். அதுவரை அதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்கே அது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"போன பார்வை திரும்ப வராதும்மா. ஆபரேஷன் பண்ணா இருக்கறதும் போக வாய்ப்பு இருக்கு. தினமும் மருந்து போட்டா இருக்கறத வெச்சிக்கலாம்."

நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா, டாக்டர்? முகாம்லயே இவங்கள மொதல்ல அனுப்பியிருந்தா?"

"ஒரு மாசத்துல ஒண்ணும் மாறியிருக்காதும்மா. இது வருஷக்கணக்கா நடந்தது. வலிக்காது, அதனால தெரியாது."

டாக்டர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். படித்தவர், எனக்கு ஆறுதல் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் அக்கா என் கண்ணில் விட்ட சொட்டு ஒவ்வொன்றும் எனக்கு நினைவுக்கு வந்தது. நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் டாக்டரிடம், "எத்தினி நாளைக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"மருந்த விடாம போட்டீங்கன்னா ரொம்ப நாளைக்கு."

"சரிம்மா," என்று எழுந்தார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். கதவருகே வந்ததும் என் கையைப் பிடித்தார். அது வரை அவர் என் கையைப் பிடித்து நடந்ததில்லை.

வண்டியை ஊருக்குத் திருப்பினேன். செஞ்சி தாண்டிய பிறகு, "மடத்துக் கோயில்ல கொஞ்சம் நிறுத்து," என்றார். மேல்சித்தாமூர் சமண மடத்துக் கோயில் வாசலில் நிறுத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சந்நிதிக்கு எதிரே நின்று தலையை நேராக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டுகிறமாதிரி இல்லை. பாடத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளையைப்போல, மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை நகர்த்திப் பார்த்தார். நான் தூண் ஓரமாக நின்று அழுதேன். எனக்குக் கண் தெரிகிறது என்று காட்டிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

விஷயம் கேட்டு மகன் மறுவாரம் மெட்ராஸிலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "நைனா இருந்திருந்தா இப்பிடி உட்ருப்பாரா," என்று விசும்பினார். "கெளம்பும்மா, என்கூட வந்துடு," என்றார்.

"அங்க எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் படின்னு எனக்குத் தெரியாதுப்பா. இங்க கண்ணே இல்லன்னாலும் தெரியும். நான் வரல."

"தனியா எப்பிடிம்மா?"

அவர் தரையிலிருந்த சொம்பைத் தடவி எடுத்தார். என் பக்கமும் திரும்பவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிக் கேட்டு என்னைக் கட்டிப்போட அவருக்கு மனசு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

மகன் வெளியே களத்துக்கு வந்து என்னிடம் கேட்டார். "நீங்க இருப்பீங்களாக்கா?"

"நான் ரோட்டுல போறவ தம்பி. இங்கயே இருக்கறேன்னு வாக்கு குடுக்க முடியாது. ஆனா எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் வந்துடுவேன். மருந்து நான் ஊத்தறேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் யாருக்கும் உபகாரம் செய்யவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் செஞ்சி ஆட்டுச் சந்தை, மற்ற நாட்களில் பக்கத்து ஊர்கள். சீயமங்கலத்தைத் தாண்டிப் போவதில்லை. பொழுது இறங்கும் முன் திரும்பிவிடுகிறேன், கண்ணுக்காக அல்ல. கையைக் கழுவிக்கொண்டு, அவர் தலையைச் சுவரில் சாய்த்து மருந்து ஊற்றுகிறேன். எனக்கு அவர் கை வராது. சில நாள் சொட்டு கன்னத்தில் விழும், இன்னொன்று ஊற்றுவேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். என் இடது கண்ணுக்கு இன்னும் செய்துகொள்ளவில்லை. போகவேண்டும். அவர்தான் துணைக்கு வருவேன் என்கிறார்.

வண்டிக்குள் படுப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்லமுடியாது. சில இரவு களத்திலேயே வண்டியில் படுத்துக்கொள்கிறேன். அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

போன வாரம் குத்தகைக்காரர் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக்கொண்டுவந்து களத்தில் குவித்துவிட்டுப் போனார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து செடியிலிருந்து வேர்க்கடலைக் காயை ஆய்ந்தோம். நான் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பறித்தேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, விரல்களால் வேரைத் தடவி, மண்ணை உதிர்த்து, கைப்பிடி கைப்பிடியாகக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கூடை நிறைந்திருந்தது. என்னுடையதில் பாதிகூட ஆகவில்லை.

"இந்த வருஷம் காய் பொக்கு ஜாஸ்தி, உள்ள பருப்பே இல்ல," என்றார்.

"மழை தப்பிடுச்சிக்கா," என்றேன்.